தீப்பொறி இல்லாத சுவிட்ச்

நல்லம்பள்ளி பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இளம்புழு மனையின் ஹீட்டரை மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ஓட்டுகிறேன். ரிலே அடிக்கடி போய்விடுகிறது. ரிலே இல்லாமல் செய்ய முடியாதா?"

தாராளமாக முடியும். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வேண்டும். அதைப் பிடித்து வைக்க ஹீட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைத்தால் நாளுக்கு 1,440 தடவை. கடையில் கிடைக்கும் சின்ன நீல ரிலே முழுச் சுமையில் தாங்குவது சுமார் ஒரு லட்சம் தடவை. எழுபதே நாளில் ஆயுள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் தீப்பொறி தொடுமுனையைத் தின்கிறது.

மாற்று, ட்ரையாக். 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் தைரிஸ்டரைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் இருபுறமும் மின்சாரம் கடத்தும் ட்ரையாக் வந்தது. வரலாறு இவ்வளவு போதும். நம் வீட்டு எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்கள் பலவற்றுக்குள் இருப்பதும் இதுதான். இதையே புத்தம்புது ஸ்மார்ட் தொழில்நுட்பம் என்று யாராவது விற்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

என்னை மயக்குவது அதை இயக்கும் விதம். கன்ட்ரோலரின் கால் தருவது 3.3 வோல்ட்; 230 வோல்ட் லைனின் உச்சமோ 325. நடுவில் எம்ஓசி 3063 என்ற ஆறு கால் சில்லு. உள்ளே ஒரு எல்இடி, எதிரே ஒளிபட்டால் திறந்து, ஹீட்டரை ஓட்டும் பெரிய ட்ரையாக்கைத் தூண்டும் குட்டி ட்ரையாக். இரண்டுக்கும் இடையே கம்பியே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான் தாண்டுகிறது. அந்த இடைவெளியின் காப்பு ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் சோதிக்கப்பட்டது. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் சர்க்யூட்களில் 3041 இருக்கும். அது 400 வோல்ட் வகை. நம் லைனில் எழும் சர்ஜுக்குப் போதாது. 3063 தாங்குவது 600.

இந்தச் சில்லு சொன்னவுடன் திறப்பதில்லை. லைன் வோல்ட்டேஜ் 20க்கு மேல் இருந்தால் மறுத்துவிட்டு, பூஜ்யத்தைக் கடக்கும் கணத்துக்குக் காத்திருக்கும். ஆடும் ஊஞ்சலில் ஏறத் தெரிந்தவர், அது ஒரு முனையில் போய் நிற்கும் கணத்தில்தானே ஏறுவார்! நம் மின்சார ஊஞ்சல் நொடிக்கு 100 முறை அப்படி நிற்கிறது. இறங்குவதும் அப்படியே: ட்ரையாக்கைத் திறந்துவிட்டால் நாம் நினைத்த கணத்தில் மூட முடியாது, கரன்ட் தானாக ஓயும்போதுதான் மூடும். அதனால்தான் பொறி இல்லை. ஊஞ்சலில் இருப்பவர் மடியில் ஒரு குடம் தண்ணீர் இருந்தால்? ஊஞ்சல் நின்ற பிறகும் தண்ணீர் அலம்பும். மோட்டார் அந்தக் குடம். வோல்ட்டேஜ் பூஜ்யமான பிறகும் கரன்ட் ஓடும். அது ஓயும்போது வோல்ட்டேஜ் ஏறியிருக்கும். அந்தத் திடீர் ஏற்றமே ட்ரையாக்கை மறுபடி திறந்துவிடலாம். இதற்குத்தான் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னபர். ஹீட்டருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

'செமிகண்டக்டர், தேய்மானமே இல்லை' என்ற விளம்பரத்தில் பாதிதான் உண்மை. இரண்டு கிலோவாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர். ட்ரையாக்கில் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுவதால் பத்து வாட் அளவு அதிலேயே சூடாகும். ஹீட்சிங்க் இல்லாவிட்டால் பெட்டியில் அச்சிட்ட 25, 40 ஆம்பியருக்கு அர்த்தமே இல்லை. பிடிஏ 16 வகை ட்ரையாக்கின் உலோகத் தகடு காப்பிடப்பட்டது. பிடிபி வகையில் தகட்டிலேயே லைன் மின்சாரம் இருக்கும், கை வைத்தால் உயிருக்கு ஆபத்து. மூடிய நிலையிலும் சிறிது கரன்ட் கசியும் என்பதால், பழுது பார்க்குமுன் இருதுருவ சுவிட்சை அணைத்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, புழுக்களுக்காக. ட்ரையாக் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித் திறந்தபடியே நின்றுவிடும். கன்ட்ரோலர் அணைக்கச் சொன்னாலும் ஹீட்டர் எரியும். ஆகவே ஹீட்டர் லைனில் எம்சிபியோடு, 32 டிகிரி தாண்டினால் தானே துண்டிக்கும் தனித் தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். அது பழைய பாணித் தொடுமுனை உள்ளதாகவே இருக்கட்டும். எப்போதாவது ஒருமுறைதான் வேலை செய்யும் என்பதால் தேயாது.