நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர்: மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்களுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தால், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் அது ஒரு சிறு மேடாகக் கைக்குத் தென்படும். ஏறத்தாழ தீப்பெட்டி அளவு. ஆனால் அதைவிடத் தட்டையானது. அதிலிருந்து மெல்லிய கம்பிகள் இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குச் செல்கின்றன. இருதயம் தானாகச் சரியாகத் துடிக்கும்போது கருவி கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கும். துடிப்பு தவறினால் சிறு மின்தூண்டல் அனுப்பும்.

“இனி இது என் இருதயமா, இயந்திரமா?” என்று சிலர் கேட்பதுண்டு. துடிப்பது உங்கள் இருதயத் தசைதான். உடலுக்குள் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958-இல் அவருக்கு வயது 43. கருவியைப் பலமுறை மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார். இறந்தது தோல் புற்றுநோயால்.

காலம் முடியும்போது கருவி உயிரை விடாமல் இழுத்துப் பிடிக்குமோ என்ற அச்சமும் உண்டு. அப்படி நடக்காது. உயிர் பிரிந்த பிறகு தசை மின்தூண்டலுக்கு அசையாது.

குடும்பத்தாரிடம் இப்போதே சொல்லுங்கள்

தகனத்துக்கு முன் பேஸ்மேக்கரை உடலிலிருந்து அகற்ற வேண்டும். அதன் பேட்டரி கடும் சூட்டில் வெடிக்கும். தகன உலை சேதமாகும், அருகில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. மருத்துவமனையில் இறப்பு நேர்ந்தால் அங்குள்ள ஊழியரிடமும், வீட்டில் நேர்ந்தால் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளரிடமும் பிள்ளைகள் உடனே தெரிவிக்க வேண்டும். பேசச் சங்கடமான செய்திதான். ஆனால் துக்க வீட்டின் பரபரப்பில் இது எளிதில் மறந்துபோகும்.

அன்றாட வாழ்வில்

கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். கருவியிலிருந்து 15 செண்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செண்டிமீட்டர் விலகி நில்லுங்கள். கேஸ் அடுப்பு, மைக்ரோவேவ், சோறு வடிக்கும் மின்குக்கர் ஆகியவற்றால் கவலை இல்லை. வலி தீரும் என்று விற்கப்படும் காந்த மெத்தை, காந்த வளையல் போன்றவை வேண்டாம். வாங்கி வைத்திருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

பாலம் கடந்து சிங்கப்பூர் செல்பவர்களும் சினாய் விமான நிலையம் செல்பவர்களும் பேஸ்மேக்கர் அட்டையைக் கடப்பிதழோடு வைத்திருங்கள். சோதனை வாயிலில் நிற்காமல் இயல்பாக நடந்து கடக்கலாம். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியை நெஞ்சின் மேல் வைத்திருக்க வேண்டாம் என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அட்டையை முதலில் காட்டுங்கள்.

பேட்டரி பல ஆண்டுகள் உழைக்கும். எவ்வளவு மீதம் உள்ளது என்பது பரிசோதனையில் தெரியும். உடல் நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள்.

மயக்கம், தலைச்சுற்றல், மூச்சுத்திணறல், நிற்காத விக்கல், கருவி உள்ள இடத்தில் வீக்கம், சிவப்பு அல்லது சீழ் இருந்தால் காத்திருக்க வேண்டாம். நீங்கள் சிகாமட்டிலோ மெர்சிங்கிலோ இருந்துகொண்டு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவராக இருந்தாலும், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே முதலில் செல்லுங்கள். மயங்கி விழுந்தால் வீட்டில் உள்ளவர்கள் 999-ஐ அழைக்கட்டும்.