கையை அசைப்பவர் யார்?

மனிதன் தன் கையைத் தானே உயர்த்துகிறான் என்பதில் சாதாரணமாக எவரும் ஐயங்கொள்வதில்லை. செயலுக்குரிய புகழும் பழியும், நீதிமன்றத்தின் தீர்ப்பும், சமயங்கள் கூறும் பாவ புண்ணியமும் இந்நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. ஆயின், 'நான் செய்தேன்' என்னும் உணர்வு எங்கிருந்து எழுகின்றது? அது கூறுவது எப்போதும் மெய்தானா? மூளையை ஆராய்வோர் இவ்வினாக்களுக்கு விடை தேடி வருகின்றனர்.

கனடாவின் மொன்றியல் நகரில் வலிப்பு நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்த வைல்டர் பென்பீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். இயக்கத்துக்குரிய பகுதியைத் தொட்டதும் கை அசைந்தது. நோயாளிகளோ, அதைத் தாம் செய்யவில்லை, வைத்தியரே செய்வித்தார் என்றனர். எனவே, கை அசைதல் வேறு. அதை அசைத்தோம் என்னும் உணர்வு வேறு.

அவ்வுணர்வு பிறக்கும் வகைக்கு அறிஞர் தரும் விளக்கம் ஒன்று உண்டு. தசைக்குக் கட்டளை அனுப்பும் மூளை, அக்கட்டளையின் பிரதியொன்றைத் தன்னிடமும் வைத்துக்கொண்டு, வரப்போகும் விளைவை முன்னரே கணிக்கின்றது. கணிப்பும் விளைவும் ஒத்திருந்தால் செயல் தன்னுடையதெனத் தோன்றுகின்றது. கண்ணை இயல்பாகத் திருப்புபவருக்கு உலகம் அசைவதாகத் தெரிவதில்லை. ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணின் ஓரத்தை இமையின் மேலாக விரலால் மெல்ல அழுத்துபவருக்கோ எதிரேயுள்ள சுவர் நகர்வதாகத் தோன்றும். கண்தசைக்குக் கட்டளை எதுவும் போகாமையே இதற்குக் காரணம். தன்னைத் தானே கூச்சங்காட்டிச் சிரிக்கவைக்க ஒருவரால் இயலாமைக்கும் இக்கணிப்பே காரணமாகும்.

மனச்சிதைவு நோயாளர் சிலர், தம் கையை வேறொருவர் இயக்குவதாகக் கூறுவர். இக்கணிப்பில் நேரும் பிசகே அதற்குக் காரணமாகலாம் என்பது ஆங்கிலேய உளவியலாளர் கிறிஸ் பிரித் முன்வைத்த கருத்து. அந்நோயாளர் பொய் கூறுபவருமல்லர், பேய் பிடித்தவருமல்லர். அவர்களுக்கு வேண்டியது ஏச்சன்று, சிகிச்சையே.

இனி, சுயவிருப்பம் பற்றிய வழக்குக்கு வருவோம். தானாகச் செய்யும் அசைவொன்றுக்கு ஏறக்குறைய ஒரு செக்கன் முன்னரே மூளையில் மெதுவான மின்மாற்றம் தொடங்குவதை, ஜேர்மனியில் கோர்ன்ஹூபர், டெக்கே என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெற் இதை மேலும் ஆராய்ந்தார். மணிக்கட்டை விரும்பிய வேளையில் அசைக்கும்படியும், அவ்விருப்பம் தோன்றிய கணத்தைக் கடிகாரம் போன்றதொரு கருவியில் குறித்துக்கொள்ளும்படியும் சிலரைக் கேட்டார். 1983இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மின்மாற்றம் அசைவுக்கு ஏறக்குறைய 0.55 செக்கன் முன்னரும், விருப்பத்தின் உணர்வு 0.2 செக்கன் முன்னரும் எழுந்தன. அப்படியாயின் மூளை முந்திவிடுகின்றது, விருப்பம் பிந்தி வருகின்றது என்று பலர் முடிவுகட்டினர். லிபெற் அவ்வளவு தூரம் செல்லவில்லை. எழுந்த உந்துதலை இறுதிக் கணத்தில் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு உண்டென்றே அவர் கருதினார்.

2012இல் ஆரன் ஷர்கரும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு விளக்கம் தந்தனர். மூளையில் ஓயாது எழுந்து தாழும் மின்னலைகள் தற்செயலாக ஓர் எல்லையைத் தாண்டும்போது அசைவு நிகழ்கின்றது. அதற்கு முன் காணப்படும் ஏற்றம், செய்து முடிந்த தீர்மானம் ஆகாது என்பது அவர்கள் வாதம். மேலும், காரணமின்றி மணிக்கட்டை அசைப்பதும், கடன்பட்டவன் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா விடுவதா என்று நாட்கணக்கில் எண்ணிப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆகவே வழக்கு இன்னும் தீரவில்லை.

இயந்திரத்தின் நிலை யாது? இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் கிரே வால்டர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் ஆமை வடிவான இயந்திரங்களை ஆக்கினார். இரண்டே வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அவை, ஒளியை நாடியும் தடையை விலக்கியும் திரிந்தன. பார்த்தோர் அவற்றுக்கு விருப்பு வெறுப்பு உண்டெனக் கூறும்படி இருந்தது அவற்றின் நடை. 2006இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நான்கு காலுள்ள இயந்திரமொன்று, தன் அசைவுகளைக் கொண்டே தன் உடலமைப்பைக் கணித்தது. காலொன்றின் பகுதி அகற்றப்பட்டதும், கணிப்பைத் திருத்திப் புதிய நடையொன்றைக் கண்டுகொண்டது.

கணித்தலும் ஒப்பிடுதலும் இயந்திரத்துக்கும் கூடும் என்பது இதனால் விளங்கும். ஆயினும், அதற்கு உள்ளே உணர்வு உண்டென்று இது நிறுவவில்லை. 'நான் தீர்மானித்தேன்' என்று இன்றைய கணினிகள் எழுதிக் காட்டும் வாக்கியமும் அதற்குச் சான்றாகாது. அத்தகைய இயந்திரம் தீங்கு விளைத்தால், அதை ஆக்கியோரும் ஏவியோருமே பொறுப்பேற்க வேண்டும்.

மனிதனுடைய பொறுப்போ, உந்துதல் எக்கணத்தில் பிறந்தது என்பதை மட்டும் பற்றியதன்று. காரணங்களை எடைபோட்டு, தகாததைத் தடுத்து, தவறியதைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் எவ்வளவுண்டோ, அவ்வளவுக்கே ஒருவரைப் புகழ்வதும் பழிப்பதும் நீதியாகும். குழந்தைக்கும் நோயாளிக்கும் சட்டம் வேறு அளவுகோல் கொள்வதும் இதனாலேயே.