பிள்ளை பிறந்த ஊரில் பதிவு

சித்தூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன் மாங்காய் மண்டியில் கூலி வேலை செய்கிறார். மனைவிக்குத் தலைப்பிரசவம். திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள்.

ஐந்து ஆண்டுகள் ஓடின. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனார்கள்.

"பிறப்புச் சான்றிதழ் எங்கே அம்மா?" என்று கேட்டார் ஆசிரியர்.

மறுநாள் கணவன் வேலைக்குப் போகவில்லை. சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

"குழந்தை எங்கே பிறந்தது அண்ணா?" என்று அலுவலர் கேட்டார்.

"திருப்பதியில்."

"அப்படியானால் பதிவு திருப்பதியில்தான் இருக்கும். அங்கே கேளுங்கள்."

ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் அலுவலர் சொன்னது சரிதான்.

எந்த ஊரில் பதிவு?

வீடு எந்த ஊரில் என்பது கணக்கில்லை. பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. இது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். சித்தூர்க்காரர்கள் பிரசவத்துக்குத் திருப்பதிக்குப் போவார்கள். வேலூருக்கும் போவார்கள். வேலூரில் பிறந்த பிள்ளைக்கு வேலூரில்தான் பதிவு. அது தமிழ்நாட்டுப் பதிவாக இருக்கும்.

முன்பு திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் வாங்கிய சான்றிதழில் திருப்பதி நகரம், சித்தூர் மாவட்டம் என்று இருக்கலாம். அது பிழை அல்ல.

யார் சொல்ல வேண்டும்? எத்தனை நாளுக்குள்?

மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையே பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பிறந்தால் வீட்டுத் தலைவர் தெரிவிக்க வேண்டும். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. முதல் சான்றிதழும் இலவசம்.

21 நாள் தாண்டினால்? 30 நாள் வரை தாமதக் கட்டணம் உண்டு. 30 நாள் தாண்டினால், ஓர் ஆண்டு வரை, மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓர் ஆண்டும் தாண்டிவிட்டால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்ட அளவிலான அதிகாரியின் ஆணை வேண்டும். நாள் கூடக் கூட அலைச்சலும் கூடும்.

பெயர் வைக்கவில்லையே!

சில வீடுகளில் திருமலையில் மொட்டை போடும்போது பெயர் வைக்கலாம் என்று காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும். பதிவு மட்டும் காத்திருக்கக் கூடாது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம்.

பெயரில் ஓர் எழுத்து

சித்தூரில் பல வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். சான்றிதழோ தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வரும். இங்கேதான் கவனம் வேண்டும்.

தமிழில் 'க' ஒரே எழுத்து. தெலுங்கில் அதற்கு நான்கு எழுத்துகள். 'கங்கா' என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் முதல் எழுத்தை எப்படிச் சொல்வது என்று எழுதுபவருக்குத் தெரியாது. வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். இன்றைய தெலுங்கில் 'ழ' இல்லை. 'கயல்விழி' என்ற பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள்.

இன்னொன்று. தமிழ் வீடுகளில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுவார்கள். தெலுங்கு வீடுகளில் 'இண்டி பேரு' என்ற குடும்பப் பெயர் முன்னால் வரும். இரண்டும் குழம்பக் கூடாது.

சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, பள்ளியில் ஓர் எழுத்து என்று இருந்தால் நாளைக்குப் பிள்ளைதான் அலைய வேண்டும். ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கியதும் மடித்து வைக்காதீர்கள். தெலுங்கு தெரிந்த ஒருவரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தகப்பன் பெயர் நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் பதிவாளரிடம் சொல்லித் திருத்தலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

இந்தத் தாள் எதற்கு?

2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. பள்ளியில் சேர, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, ஓட்டுநர் உரிமம் எடுக்க, திருமணத்தைப் பதிய, அரசு வேலையில் சேர இது வேண்டும். முன்பு பிறந்தவர்களுக்கு வேறு சான்றுகளும் செல்லும்.

எங்கே கேட்பது?

நகரத்தில் மாநகராட்சியில் கேட்கலாம். மீசேவா மையத்திலும் விண்ணப்பிக்கலாம். 'மீ' என்றால் தெலுங்கில் 'உங்கள்'. இந்தத் திட்டம் 2011 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது சித்தூர் மாவட்டத்தில்தான். எங்கே பணம் கட்டினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று?

கணவனும் மனைவியும் மருத்துவமனைச் சீட்டோடு திருப்பதிக்குப் போனார்கள். மருத்துவமனை அன்றே தெரிவித்திருந்தது. பதிவு இருந்தது. பெயர் இடம் மட்டும் காலியாக இருந்தது. கட்டணம் கட்டினார்கள். தாய் மகளின் பெயரை நிறுத்தி நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். சான்றிதழ் வந்தது. பிள்ளை பள்ளிக்குப் போகிறாள்.

உங்கள் பிள்ளையின் சான்றிதழ் எங்கே இருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் பெயர் இருக்கிறதா? எழுத்து சரியாக இருக்கிறதா?