கொசுவை அழைப்பது ஏரியா, நம் வீட்டுத் தொட்டியா?

மாலை ஆறு மணி ஆனால் சென்னையை ஒட்டிய நாவலூரின் அடுக்குமாடிகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே கணுக்காலில் பட்டென்று அறைந்துகொள்கிறார்கள். "உனக்கு இனிப்பு ரத்தம்ப்பா, அதான் உன்னையே தேடி வருது" என்று ஒருவர் சிரிப்பார். "எல்லாம் இந்தத் தாழம்பூர் ஏரியும் பக்கிங்காம் கால்வாயும் பண்ற வேலை" என்று இன்னொருவர் முடித்துவைப்பார்.

பழி ரத்தத்தின் மேலும் ஏரியின் மேலும் விழுகிறது. உண்மையில் கொசுவுக்கு வழிகாட்டுபவை நம் மூச்சும் தோலும்தான். அதற்குத் தொட்டில் கட்டித் தருவது நாம் சேமித்து வைக்கும் தண்ணீர். மூச்சையும் தோலையும் நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. தண்ணீரை மாற்ற முடியும்.

கடிப்பது தாய்க்கொசு

ஆண் கொசு யாரையும் கடிப்பதில்லை. பூந்தேனும் செடிச் சாறும் அதற்குப் போதும். பெண் கொசுவுக்கும் அன்றாடச் சாப்பாடு அதுதான். முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும் என்ற கட்டம் வரும்போதுதான் அது நம்மைத் தேடி வருகிறது. ஒரு முறை வயிறு நிறைய ரத்தம் குடித்தால் ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலா குறைவா என்பது கொசுவின் கணக்கிலேயே இல்லை. ஆகவே 'இனிப்பு ரத்தம்' வெறும் பேச்சுதான்.

மூச்சில் தொடங்கும் தேடல்

நாம் வெளிவிடும் கரியமில வாயுதான் முதல் தடயம். காற்றோடு மிதந்து வரும் அந்த வாயுவைப் பல மீட்டர் தொலைவிலேயே கொசு உணர்ந்துவிடும். உடனே பறப்பின் போக்கை மாற்றி, காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். கொஞ்சம் நெருங்கியதும் கண் வேலை செய்யத் தொடங்கும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கரியமில வாயுவை முகர்ந்த டெங்கு கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தன. பச்சை, ஊதா, வெள்ளை நிறங்களைக் கண்டுகொள்ளவில்லை. மனிதத் தோல், எந்த நிறமாக இருந்தாலும், கொசுவின் கண்ணுக்குச் சிவப்பு சார்ந்த பொருள்தான்.

இன்னும் நெருங்கினால் தோலின் வாசனை, உடல் சூடு, வியர்வையின் ஈரம் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. வியர்வைக்குத் தனியாக நாற்றம் பெரிதாகக் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உண்டு வெளியிடும் அமிலங்கள்தான் வாசனை. கால் விரல் இடுக்குகளில் அவை அதிகம். லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டியின் வாடைக்குக்கூட மலேரியா பரப்பும் ஒரு வகைக் கொசு ஓடி வந்ததை நெதர்லாந்தில் கண்டறிந்தார்கள். அந்தப் பாலாடைக்கட்டியைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவும் நம் பாத நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவும் நெருங்கிய உறவு! நாளெல்லாம் ஷூவுக்குள் இருந்த காலை மேசைக்கடியில் கழற்றி நீட்டும் ஐ.டி. ஊழியருக்கு இது புரியும்.

ஏன் என்னை மட்டும்?

ஒரே பெஞ்சில் நான்கு பேர் இருக்க, ஒருவரையே கொசு மொய்ப்பது மனப்பிரமை அல்ல. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 64 பேரின் முன்கையில் நைலான் காலுறையை மாட்டிவிட்டு, அதில் படிந்த வாசனையைக் கொசுக்களுக்குக் காட்டினார்கள். கொசுக்கள் அதிகம் விரும்பியவருக்கும் சீந்தாதவருக்கும் இடையே நூறு மடங்கு வித்தியாசம் இருந்தது. 2022-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன காரணம்: அதிகம் கடிபடுகிறவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதல். ஆண்டுகள் கடந்தும் அந்த ஈர்ப்பு மாறவில்லை.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காம்பியாவில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. கர்ப்பிணிகளிடம் மற்ற பெண்களைவிட இரண்டு மடங்கு மலேரியாக் கொசுக்கள் வந்ததை அது பதிவு செய்தது. அவர்கள் வெளிவிடும் மூச்சும் வயிற்றுச் சூடும் அதிகம் என்பதே காரணம். உடற்பயிற்சி முடித்து மூச்சு வாங்க நிற்பவர்களும், பீர் குடித்தவர்களும் கொசுவை அதிகம் ஈர்க்கிறார்கள். 'ஓ' வகை ரத்தக்காரர்களைத்தான் கடிக்கும் என்ற பேச்சில் மட்டும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மூன்று கொசு, மூன்று குணம்

நம் பக்கத்தில் கவலைப்பட வேண்டியவை மூன்று. முதலாவது கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் இதுதான். சாக்கடை, செப்டிக் டேங்க், ஆகாயத்தாமரை அடைத்த கழிவுநீர்க் குட்டை இதன் வீடு. யானைக்கால் நோயைப் பரப்புவது இது. ஏரியையும் கால்வாயையும் திட்டுவதில் நியாயம் உண்டென்றால் இந்த ஒன்றின் பொருட்டுத்தான். அதுவும் ஏரியில் கழிவுநீர் கலந்த பிறகு. மீனும் தட்டான் குஞ்சும் உள்ள நல்ல ஏரியில் கொசுப்புழு பிழைப்பது கடினம்.

இரண்டாவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி, நகரத்து மலேரியாக் கொசு. கிணறும் மாடித் தொட்டியும் போதும், ஊருக்குள்ளேயே வாழ்ந்துவிடும். சென்னையில் மலேரியாவைப் பரப்பியது இதுதான். உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசு தென்பட்டது. அங்கும் கிணறுகளில்தான்.

மூன்றாவது ஏடிஸ் எஜிப்டி. கறுப்புடலில் வெள்ளை வரி, பகலில் கடிக்கும், டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்பும். 2017-இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் பாத்திரம் பண்டங்களில் தேங்கும் தெளிந்த நீர்தான் வேண்டும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் இது போவதில்லை. உங்களைப் பகலில் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

நாவலூரின் தண்ணீர்க் கணக்கு

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய நம் குடியிருப்புகள் பல தண்ணீர் லாரியை நம்பி வாழ்கின்றன. லாரி வந்தால் சம்ப் நிரம்பும். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டி. அது தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் குளியலறையில் இரண்டு டிரம். நாளைக்கு லாரி வருமோ வராதோ என்று சேர்த்து வைக்கும் ஒவ்வொரு குடமும் கொசுவுக்கு ஒரு பிரசவ அறை. சம்ப் மூடியில் குழாய் நுழையும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே போதும்.

கட்டுமான வேலை நடக்கும் இடங்கள் இன்னொரு கணக்கு. தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறார்கள். லிஃப்ட் குழியில் மழைநீர் நிற்கிறது. சிமென்ட் தொட்டி திறந்தே கிடக்கிறது. கோவளம் போகும் வழியில் இளநீர்க் கடைகளின் பின்னால் குவிந்த கூடுகளும், பஞ்சர் கடை வாசலில் கிடக்கும் பழைய டயர்களும் வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் நிறைந்துவிடும். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏடிஸ் தன் முட்டைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் இடாது. பல பாத்திரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கும். அதுவும் தண்ணீரில் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும். அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது

போன மழைக்காலத்தில், வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டெங்கு மஸ்தூர் பணியாளர் அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "எங்க வீட்ல எதுவும் இல்லம்மா, எல்லாம் சுத்தம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பால்கனியில் மணி பிளான்ட் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். பூந்தொட்டியின் அடித்தட்டைச் சாய்த்தார். பிறகு, "ஃப்ரிட்ஜை ஒரு பக்கம் நகர்த்துங்க சார்" என்றார்.

ஃப்ரிட்ஜின் பின்னால், கீழே, ஒரு பிளாஸ்டிக் தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உருகிய பனி அதில் இறங்கி நிற்கிறது. டார்ச் அடித்ததும் வெளிச்சம் கண்ட புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் பாய்ந்தன. ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. "ஏரிக்கு அவ்வளவு தூரம் போகணுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் தட்டை வெளியே எடுத்துக் காய்ந்த மண்ணில் கொட்டினார். சாக்கடையில் கொட்டாததற்கும் காரணம் சொன்னார்: மண்ணில் புழு செத்துவிடும்.

எது உதவும், எது உதவாது?

புகை வண்டி போனால் பறக்கும் கொசு சாகும்; தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கொசுவர்த்திச் சுருளின் விலை வேறு: ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவு நுண்துகள் அறையில் சேரும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய படுக்கையறையில் குழந்தையைப் படுக்கவைத்துச் சுருள் கொளுத்த வேண்டாம். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியும், பூண்டு தின்பதும் பலன் தருவதாக நிரூபணம் இல்லை. நொச்சி இலைப் புகை கொசுவை ஓரளவு விலக்கும். ஆனால் செடி சும்மா தொட்டியில் நின்றால் விலக்காது.

மின்விசிறி நல்ல துணை. கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு. காற்று அதைத் தள்ளிவிடும், நம் மூச்சின் தடயத்தையும் கலைத்துவிடும். கொசுவலை, வெளிர் நிற முழுக்கை உடை, டீட் அல்லது பிகாரிடின் கலந்த களிம்பு ஆகியவை பலன் தரும். டெங்கு கொசு பகலில் கடிப்பதால், பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். கிணறு இருந்தால் கப்பி மீன் விடுங்கள்.

காய்ச்சல் வந்தால்

திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறித்துப் போட்டது போன்ற வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை டெங்குவைக் காட்டிக்கொடுக்கும். பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாட்களில்தான் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு

முட்டை பொரித்துக் கொசுவாகக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு ஃப்ரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, டிரம், சம்ப் மூடி, மாடியில் கிடக்கும் பழைய வாளி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் பத்து நிமிடம் கூடுதலாகும்.

அந்த அக்கா அடுத்த வாரமும் வந்தார். நான் முந்திக்கொண்டு ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். குனிந்து தட்டைத் தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்ப் பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார்.