கோசியில் பெரிய அணை கட்டினால் பீகார் வெள்ளம் நின்றுவிடுமா?

பீகாரில் வெள்ளம் வரும் ஒவ்வொரு வருஷமும் கூடவே ஒரு பேச்சும் வரும்: நேபாளத்தில் ஒரு பெரிய அணை கட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது. உங்க ஆபீஸில் தர்பங்கா, சஹர்சா பக்கத்து ஆள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. தாத்தா காலத்து வாக்குறுதி இது. 1947 ஏப்ரலில் நிர்மலி என்ற ஊரில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் கூடிய மாநாட்டிலேயே அறிவிச்சாச்சு. அணை மட்டும் வரலை.

எங்கே, எவ்வளவு பெரிசு?

சுன்கோசி, அருண், தமூர் மூன்றும் சேர்ந்துதான் சப்தகோசி. அது மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பராஹக்ஷேத்ரா பக்கத்தில் அணை. இப்போது பேசப்படும் உயரம் 269 மீட்டர். இந்தியாவின் மிக உயரமான டெஹ்ரி அணையே 260 மீட்டர்தான். வெள்ளத் தடுப்பு, பாசனம், கூடவே சுமார் 3,000 மெகாவாட் மின்சாரம் என்று மூன்று வேலைகளை இதன் தலையில் வைக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குது.

காலியா இருக்கணுமா, நிரம்பி இருக்கணுமா?

வெள்ளத்தைப் பிடித்து நிறுத்த அணையில் இடம் வேணும். அதாவது ஜூலை, ஆகஸ்டில் அது பாதியாவது காலியா இருக்கணும். பாசனத்துக்கு நேர் எதிர்: மழைக்காலம் முடியும்போது அணை நிரம்பி இருந்தால்தான் குளிர்காலப் பயிருக்குத் தண்ணீர். மின்சாரத்துக்கும் நீர்மட்டம் உயரமா இருக்கிறதுதான் லாபம். காலி இடம் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராது, ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காது. அதனால் அணையை இயக்குபவர் மேல் எந்தப் பக்கம் அழுத்தம் வரும் என்பதை நீங்களே யூகிக்கலாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்த இரவு சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. குடிநீருக்காக நிரப்பி வைத்த ஏரியில், பெருமழையை வாங்கிக்கொள்ள இடம் இல்லை.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பர் இறுதியில் பீர்பூர் தடுப்பணையிலிருந்து கோசியில் விநாடிக்கு 6.61 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. 1968-க்குப் பிறகு இதுதான் அதிகம். இந்த வேகத்தில் ஒரு நாளில் வரும் தண்ணீர் சுமார் 57 டி.எம்.சி. நம்ம மேட்டூர் அணை முழுக்கக் காலியா இருந்தாலும் 40 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஆகவே "அணையின் கொள்ளளவு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. அதில் வெள்ளத்துக்காக எத்தனை டி.எம்.சி. காலியாக விடப்படும், அதை நிரப்ப எந்தத் தேதிக்குப் பிறகு அனுமதி, யாருடைய அனுமதி என்றும் கேட்கணும்.

இது கற்பனைக் கவலை இல்லை. 1943 வெள்ளத்துக்குப் பிறகு தாமோதர் நதியில் திட்டமிட்ட அணைகளில் முதலில் நான்குதான் கட்டினார்கள். மைதான், பஞ்சேத் அணைகளில் திட்டமிட்ட மட்டம் வரைக்கும் நிலத்தையும் கையகப்படுத்தலை. அதனால் வெள்ளத்துக்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்தவே முடியலை. மழைக்காலத்தில் தண்ணீர் திறந்தால் மேற்கு வங்க அரசுக்கும் அணை நிர்வாகத்துக்கும் சண்டை. 2024-லும் அதே கதை.

தண்ணீரைவிட மண் பெரிய பிரச்சினை

கோசி ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் வண்டல் சுமந்து வருது. இதெல்லாம் அணையிலேயே தங்கினால், தோராயமாகப் பார்த்தாலும் வருஷத்துக்கு இரண்டரை டி.எம்.சி. இடம் மண்ணாகிவிடும். மேட்டூர் அளவு அணை 40 வருஷத்துக்குள் தூர்ந்துபோகும். சப்தகோசி அணை அதைவிட மிகப் பெரிசு, உண்மை. ஆனாலும் முதல் வருஷக் கொள்ளளவை வைத்து ஐம்பதாவது வருஷத்தின் பலனைக் கணக்கிடக் கூடாது.

அணை கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. இன்றைக்கு அந்த மண் கரைகளுக்கு நடுவே படிந்து ஆற்றுப் படுகையை உயர்த்துது. சில இடங்களில் ஆறு சுற்றியுள்ள வயலைவிட மேலே ஓடுது. 2008 ஆகஸ்ட் 18 அன்று குசஹாவில் கரை உடைந்தபோது ஆற்றில் 2 லட்சம் கனஅடிகூட இல்லை. கரையோ 9.5 லட்சத்துக்கு வடிவமைத்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மண்ணை மேலேயே நிறுத்தினால் இந்த ஆபத்து குறையும்.

ஆனால் கரை கட்டியபோதும் இப்படித்தான் சொன்னார்கள். 1952-ல் பீகாரில் 160 கிலோமீட்டர் கரை இருந்தது. பின்னர் அது 3,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ள அபாயப் பரப்போ 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சத்துக்கு மேல் போனது. கோசியின் இரு கரைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான கிராமங்கள் வருஷாவருஷம் மூழ்குது. அணை வந்தால் அவர்களுக்கு என்ன என்று முதலில் கேட்கணும். அணைக்குக் கீழே சமவெளியில் பெய்யும் மழையை அது தடுக்காது. கம்லா, பாக்மதி வேறு பாதையில் வந்து சேரும் ஆறுகள்.

பாசனம் பற்றிச் சுருக்கமா: ஏற்கெனவே இருக்கும் கிழக்குக் கோசி கால்வாயின் தொடக்க இலக்கு 7.12 லட்சம் ஹெக்டேர். அதை ஒருபோதும் எட்டலை. கால்வாயிலும் மண்தான். 2025 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் தந்த, 6,282 கோடி ரூபாயில் கோசி-மேச்சி இணைப்புத் திட்டம் இதே கால்வாயைத்தான் நீட்டிக்குது.

மூழ்கப்போவது நேபாளத்தின் பள்ளத்தாக்குகள், வெள்ளத்திலிருந்து தப்பவேண்டியது பெரும்பாலும் பீகார். இடமோ 1934-ல் பெரும் நிலநடுக்கம் கண்ட பகுதி. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க 2004-ல் இரு நாடுகளும் பிராட்நகரில் கூட்டு அலுவலகம் திறந்தன. அங்குள்ள மக்களின் எதிர்ப்பால் கள ஆய்வு திரும்பத் திரும்ப நின்றது. 20 வருஷம் தாண்டியும் அறிக்கை முடியலை. வந்தால், உயரமும் மெகாவாட்டும் முதல் பக்கத்திலேயே இருக்கும். நீங்க தேட வேண்டியது உள்ளே ஒரு சின்ன அட்டவணை: ஆகஸ்ட் 1 அன்று அணை எவ்வளவு காலியாக இருக்கும், முதல் வருஷத்திலும் ஐம்பதாவது வருஷத்திலும்.