வெள்ளம் சூழ்ந்த நகருக்கு மீட்புக் குழுக்கள்: அனுபவம் தரும் பாடங்கள்

2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இடைவிடாத மழை பெய்தது. ஜீலம் நதி கரைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்ததில், 7-ஆம் தேதி ஸ்ரீநகரின் பெரும் பகுதி நீரில் மூழ்கியது. ராஜ்பாக், ஜவாஹர் நகர் போன்ற பகுதிகளில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். இராணுவம், விமானப் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆகியவற்றின் குழுக்கள் வான்வழியே விரைந்தன. மாநிலம் முழுவதிலும் 2 லட்சத்திற்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். ஆயினும் ஏறத்தாழ 280 உயிர்கள் பலியாயின.

இத்தனை பெரிய மீட்புப் பணி நடந்தும், முதல் இரண்டு நாட்களில் நகரின் பல பகுதிகளை எந்தக் குழுவும் எட்ட முடியவில்லை. அனுப்பியவர்களின் அக்கறையிலோ, சென்றவர்களின் துணிவிலோ குறை இருந்ததாகக் கூற இயலாது. குழுக்களை ஏற்று, வழிகாட்டி, உரிய இடத்திற்கு அனுப்பும் ஏற்பாடே நகரில் நிலைகுலைந்திருந்தது. மீட்புப் பணியில் குழுக்களை அனுப்புதல் ஒரு பாதி. அவற்றை ஏற்றுப் பயன்படுத்துதல் மறு பாதி. இந்த இரண்டாம் பாதியே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது.

நிர்வாகமே மூழ்கும்போது

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. அதில் சேரும் நீர் வெளியேற ஜீலம் ஒன்றே வழி. ஸ்ரீநகருக்குக் கீழே ஊலார் ஏரி வரை நதியின் சரிவு மிகக் குறைவு. ஆகவே நகருக்குள் புகுந்த வெள்ளம் விரைவில் வடியாது. 2014-இல் தாழ்வான சில பகுதிகளில் நீர் வாரக் கணக்கில் தேங்கி நின்றது.

அந்த வெள்ளம் தலைமைச் செயலகத்தையும் மருத்துவமனைகளையும் விட்டுவைக்கவில்லை. பாதாமி பாக் இராணுவக் குடியிருப்பிலும் நீர் புகுந்தது. தொலைபேசித் தொடர்பு ஏறக்குறைய முற்றிலும் அறுந்தது. ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை நிலச்சரிவுகளால் அடைபட்டது. தொடக்கத்தில் தம் அரசே செயலிழந்து போயிருந்ததாக அன்றைய முதலமைச்சர் உமர் அப்துல்லா பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். காவல்துறை அதிகாரிகளும் பொறியாளர்களும் மருத்துவர்களும் தம் குடும்பங்களோடு வெள்ளத்தில் சிக்கியிருந்தனர்.

வெளியிலிருந்து வரும் குழுத் தலைவர் முதலில் கேட்கும் கேள்விகள் எளியவை. எந்தப் பகுதியில் எத்தனை பேர் சிக்கியுள்ளனர்? அங்கே நீரின் ஆழம் என்ன? படகை எங்கே இறக்கலாம்? மீட்கப்பட்டவர்களை எங்கே ஒப்படைப்பது? இவற்றிற்கு விடை சொல்ல ஒருவரும் இல்லையெனில், மிகச் சிறந்த பயிற்சி பெற்ற குழுவும் கண்ணில் பட்ட இடத்திலேயே பணியைத் தொடங்கும். உரத்துக் குரல் கொடுப்பவர் முதலில் மீட்கப்படுவார்; உள்தெருவில் படுக்கையில் கிடக்கும் நோயாளி பின்தங்கிவிடுவார்.

எனவே முதல் பாடம் இதுவாகும்: கட்டுப்பாட்டு அறை வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தில் அமைய வேண்டும். அதற்கு மாற்றாக மற்றோர் அறையும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பியில்லாத் தந்திக் கருவிகளும் செயற்கைக்கோள் தொலைபேசிகளும் அங்கே எப்போதும் இயங்கும் நிலையில் இருத்தல் இன்றியமையாதது. ஓர் அதிகாரி வர இயலாதபோது அவருடைய பொறுப்பை ஏற்பவர் யார் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

ஒரே நகரம், இரு வேறு நிலைகள்

மும்பையின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில் நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் மட்டுமே. அரசு அலுவலகங்கள் மிகுந்த தென்பகுதியில் இருந்தவருக்கு அது சாதாரண மழைநாளாகத் தோன்றியிருக்கும்; வடபகுதியிலோ மித்தி ஆறு பெருகி வீடுகளையும் சாலைகளையும் விழுங்கியது. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவிற்கே அமைக்கப்பட்டிருந்த பழைய வடிகால்களால் அந்த நீரைக் கொண்டுசெல்ல இயலவில்லை.

நிலைமையை அறியாமல் அனுப்பப்படும் குழு இருட்டில் எறிந்த கல்லை ஒத்தது. இதன் பின்னர் மும்பையில் பல இடங்களில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. எந்த வட்டாரத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதை உடனுக்குடன் அறிய இவை உதவுகின்றன. மழைமானி மீட்புக் கருவியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் படகை எந்தத் திசையில் செலுத்துவது என்பதை அது தரும் செய்தியே முடிவு செய்கிறது.

கணக்கு சொல்லும் உண்மை

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006-இல் 8 அணிகளுடன் தொடங்கியது. இன்று அதில் 16 அணிகள் உள்ளன. ஓர் அணியில் 18 மீட்புக் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 45 பேர். ஆக, நாடு முழுமைக்கும் உள்ள குழுக்கள் 288. பருவமழைக் காலத்தில் பல மாநிலங்கள் ஒரே வேளையில் வெள்ளத்தைச் சந்திப்பதுண்டு. ஆதலால் ஒரு நகருக்கு இவற்றுள் சிறு பகுதியே கிடைக்கும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு ரப்பர் படகில் ஒரு நடைக்கு 8 பேரை ஏற்றலாம் என்றும், சென்று திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றும் கொள்வோம். பகல் வெளிச்சத்தில் 10 நடைகள் சென்றால் ஒரு நாளில் 80 பேர். நூறு படகுகள் ஓய்வின்றி உழைத்தாலும் 8,000 பேரையே மீட்க முடியும். ஒரு லட்சம் பேர் சிக்கிய நகரில் அனைவரையும் வெளியேற்ற ஏறக்குறைய 13 நாட்கள் தேவைப்படும்.

இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அனைவரையும் வெளியேற்றுவது நோக்கமாக இருக்க முடியாது. உறுதியான மாடிக் கட்டடத்தில் இருப்போருக்குக் குடிநீரும் உணவும் மருந்தும் அங்கேயே சேர்ப்பது நலம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், சிறுநீரக நோயாளிகள், மண்சுவர் வீடுகளில் வாழ்வோர் ஆகியோருக்கே படகில் முதலிடம் தரப்பட வேண்டும். மருத்துவமனைகளின் மின்னாக்கிகளும் பிராணவாயுக் கிடங்குகளும் தரைத்தளத்தில் இருப்பின், அந்த மருத்துவமனைகளே முதலில் மீட்கப்பட வேண்டியவையாகிவிடும். இரண்டாவது, வெளிக் குழுக்களை மட்டும் நம்பி எந்த நகரமும் இருக்க இயலாது.

முதலில் வருபவர் அண்டைவீட்டார்

ஸ்ரீநகரில் முதல் மணி நேரங்களில் மக்களைக் காத்தவர்களுள் உள்ளூர் இளைஞர்கள் முக்கிய இடம் பெற்றனர். தால் ஏரியின் சிகாரா படகுகள் தெருக்களுக்குள் வந்தன. கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு மிதவைகள் கட்டப்பட்டன. பெரிய விசைப்படகு நுழைய முடியாத சந்துகளிலும் சிறு படகு நுழைந்தது.

2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்திலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். 669 படகுகளின் மூலம் ஏறத்தாழ 65,000 பேரை அவர்கள் மீட்டதாக அம்மாநில அரசு கணக்கிட்டது. கடலில் பழகிய அவர்களுக்கு நீரோட்டத்தைக் கணிக்கத் தெரியும். ஆனால் ஊரின் தெருக்கள் தெரியா. மதில்கள், மின்கம்பங்கள், திறந்த கிணறுகள் ஆகியவை நீருக்கடியில் மறைந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு படகிலும் அவ்வூரார் ஒருவர் வழிகாட்டியாக இருத்தல் அவசியம். வெளியிலிருந்து வரும் திறமையும் உள்ளூர் அறிவும் இணையும்போதுதான் மீட்புப் பணி முழுமை பெறுகிறது.

இக்கருத்தை ஒட்டியே 'ஆப்தா மித்ரா' என்னும் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. வெள்ள அபாயம் மிகுந்த 30 மாவட்டங்களில், மாவட்டத்திற்கு 200 பேர் வீதம் 6,000 தொண்டர்களுக்குப் பயிற்சி தருவது அதன் முதற்கட்ட நோக்கம். பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்கள் என இலக்கு விரிவாக்கப்பட்டது. பயிற்சி பெற்றவரின் பெயரும் படகு உரிமையாளரின் முகவரியும் வட்டார அலுவலகத்தின் பதிவேட்டில் இருந்து, ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் சரிபார்க்கப்பட்டால்தான் இத்திட்டம் பயன் தரும்.

எவ்வழி வருவது, எங்கே கூடுவது

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கி, நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. அப்போது அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத் தளம் நகருக்கு மாற்று நுழைவாயிலாயிற்று. ஒவ்வொரு பெருநகரமும் தனக்குரிய மாற்று வழியை முன்னரே தேர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

வந்திறங்கும் குழுக்கள் நேரே வெள்ளத்திற்குள் செல்லுதல் கூடாது. முதலில் ஒரு பொது இடத்தில் கூடி, பதிவு செய்துகொண்டு, வரைபடமும் வழிகாட்டியும் பெற்று, பொறுப்பான பகுதி இன்னதென அறிந்து புறப்பட வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட பேரிடர் எதிர்கொள்ளும் முறைமைக்கான வழிகாட்டு நெறிகள் இதற்கென ஒரு தனிப் பொறுப்பாளரையே வகுத்துள்ளன. மாவட்ட அளவில் மாவட்ட ஆட்சித் தலைவர் முழுப் பொறுப்பையும் ஏற்கிறார். பல துறைகள் இருந்தாலும் ஆணை ஓரிடத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பது இந்நெறிகளின் சாரமாகும். இராணுவம் ஒரு வரைபடத்தையும் மாநகராட்சி வேறொன்றையும் காவல்துறை மற்றொன்றையும் வைத்துக்கொண்டு பணியாற்றினால், ஒரே தெருவிற்கு மூன்று படகுகள் செல்லும். அடுத்த தெருவிற்கு ஒன்றும் செல்லாது.

படகுக்குப் பின் நீரேற்றி

2019 செப்டம்பர் இறுதியில் பாட்னாவில் பெய்த கனமழை மற்றொரு தேவையை உணர்த்தியது. தட்டுப் போன்ற நில அமைப்புடைய அந்நகரில் ராஜேந்திர நகர், கங்கர்பாக் ஆகிய பகுதிகளில் நீர் ஒரு வாரத்திற்கும் மேலாகத் தேங்கியது. துணை முதலமைச்சரே தம் இல்லத்திலிருந்து மீட்புப் படையினரால் அழைத்து வரப்பட்டார். கங்கை பெருக்கெடுத்தபோது நீர் தானாக வடிய வழியில்லை. நகரின் நீரேற்று நிலையங்கள் ஈடுகொடுக்க இயலாத நிலையில், சக்தி வாய்ந்த நீரேற்றிகள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டன.

உயிர்மீட்பு முடிந்ததும் நகருக்குத் தேவைப்படும் குழுக்கள் வேறு. நீரேற்றி இயக்குவோர், மின்தடப் பணியாளர், குடிநீர்ப் பொறியாளர், துப்புரவுப் பணியாளர், மருத்துவக் குழுவினர் ஆகியோரை அப்போது அனுப்ப வேண்டும். மும்பையில் 2005 வெள்ளத்தைத் தொடர்ந்து எலிக்காய்ச்சல் பரவிப் பலரைப் பலிகொண்டது. நீர் வடிந்த பின்னும் ஆபத்து நீங்குவதில்லை என்பதை அது நினைவூட்டுகிறது. நீரேற்றியை அனுப்புவோர் அதற்குரிய எரிபொருள், குழாய்கள், இணைப்பு வளையங்கள், இயக்குநர் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். குழாயின் விட்டம் பொருந்தாமையால் இயந்திரம் வீணே நிற்கும் நிலை நேரக்கூடாது.

உதவிக்கு வருவோர் நகருக்குச் சுமையாதலும் கூடாது. தம் உணவு, குடிநீர், கூடாரம், மருந்து ஆகியவற்றைச் சில நாட்களுக்கேனும் அவர்கள் கொண்டுவருதல் முறையாகும். நீரில் நாள் முழுதும் உழைத்த குழுவிற்கு ஓய்வளித்து மாற்றுக் குழுவை இறக்க வேண்டும். விடைபெறும் குழு, தான் தேடிய தெருக்களின் விவரத்தை எழுத்தில் ஒப்படைத்தால்தான் அடுத்த குழு அதே தெருவில் மீண்டும் தொடங்காமல் இருக்கும்.

செய்ய வேண்டுவன

2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சிகள் உள்ள நகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை அமைக்க வழி செய்துள்ளது. வெள்ளக் காலத்தில் மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் தனித்தனியே இயங்கும் குறையைக் களைய இது நல்ல வாய்ப்பு. ஆணையம் அமைவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. வட்டார வரைபடம், படகுப் பதிவேடு, நோயாளிகளின் பட்டியல், மாற்றுக் கட்டுப்பாட்டு அறை, குழுக்கள் கூடுமிடம் ஆகிய ஐந்தும் ஆயத்தமாக உள்ளனவா என்று ஆண்டுதோறும் மே மாதத்திலேயே ஆய்வு செய்தல் வேண்டும். வெளிக் குழு ஒன்றை உண்மையாகவே வரவழைத்து ஒத்திகை நடத்துதல் இன்னும் சிறந்தது.

வெள்ளம் வந்தபின் குழுக்களை அனுப்பும் ஆற்றலை நாடு பெற்றுவிட்டது. சில மணி நேரங்களில் வீரர்களையும் படகுகளையும் தொலைதூர நகரில் இறக்க இன்று முடியும். அவர்கள் விமானத்தை விட்டு இறங்கும் வேளையில், கையில் வரைபடத்துடன் காத்திருக்கும் ஓர் உள்ளூர் அலுவலர் இருக்க வேண்டும். கூரையின் மேல் காத்திருக்கும் குடும்பத்திற்குப் படகு இன்று வருமா, நாளை மறுநாள் வருமா என்பது பெரிதும் அவரைப் பொறுத்ததேயாகும்.