பழைய காரின் டைனமோ: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

மாலை ஆறரை மணி. மழை கொட்டுகிறது. செந்தூலிலிருந்து ஜாலான் ஈப்போவுக்குத் திரும்பும் சாலையில் வாகனங்கள் நகரவில்லை. நீங்கள் உங்கள் தந்தை விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் காரில் அமர்ந்திருக்கிறீர்கள். முன்விளக்கு எரிகிறது, வைப்பர் ஆடுகிறது. திடீரென்று சிவப்பு விளக்கு மினுங்குகிறது, முன்விளக்கின் ஒளி மங்குகிறது. “டைனமோ போய்விட்டது” என்றுதான் உடனே நினைக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். டைனமோ நன்றாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

1948இல் பிரிட்டனில் அறிமுகமான மோரிஸ் மைனர், ஒரு காலத்தில் மலாயாவின் சாலைகளில் பரவலாக ஓடியது. அதைப் பாசத்தோடு பராமரிப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒரு குடும்பக் கணக்கு: மின்சாரத்தின் வரவும் செலவும்.

சுழன்றால்தான் வரவு

1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைப் படிவம் 5 இயற்பியலில் படித்திருப்பீர்கள். காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்னழுத்தம் பிறக்கும். வேகம் கூடினால் அழுத்தமும் கூடும். புலம் வலுத்தாலும் கூடும்.

இந்தக் கார்களில் காணப்படும் லூக்காஸ் சி40 டைனமோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,450 முறை சுழன்றால்தான் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கும். 2,250 சுழற்சியில் முழு அளவான 22 ஆம்பியர் கிடைக்கும். நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்தத் தொடக்க வேகத்தைக்கூட அது எட்டுவதில்லை. அப்போது வரவு சுழியம்.

செலவைப் பாருங்கள். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 80 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர். பக்க விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் 2, வைப்பருக்கு 3, இக்னிஷன் காயிலுக்கு 3. மொத்தம் ஏறக்குறைய 15 ஆம்பியர். 40 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி இரண்டரை மணி நேரத்திற்குச் சற்று கூடுதலாகத் தாங்கும். பழைய பேட்டரி அதற்கு வெகு முன்பே களைத்துவிடும்.

அந்தச் சிவப்பு விளக்கு டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டின் அழுத்தமும் சமமானால் அது அணையும்; வேறுபட்டால் எரியும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது மட்டும் மினுங்கி, வேகம் கூடியதும் அணைந்தால் கவலை வேண்டாம். ஆனால், விளக்கு அணைந்துவிட்டதாலேயே பேட்டரி நிறைகிறது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

வேகம் கூடினால் என்ன ஆகும்?

மறுநாள் அதே காரை காராக் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறீர்கள். டைனமோ விடாமல் வேகமாகச் சுழல்கிறது. பேட்டரி நிறைந்துவிட்டது என்பது டைனமோவுக்குத் தெரியாது. அதைத் தடுக்க யாராவது வேண்டும்.

1927 முதல் 1931 வரை தயாரான போர்டு மாடல் ஏ காரில் மூன்றாவது கார்பன் பிரஷ் அந்த வேலையைச் செய்தது. மின்னோட்டம் கூடும்போது டைனமோவின் காந்தப் புலம் ஒருபக்கமாகச் சாயும். அதனால் புலச் சுருளுக்கு மூன்றாவது பிரஷ் தரும் அழுத்தம் குறையும். மின்னோட்டமும் எல்லை மீறாது. எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்பதை மெக்கானிக் அந்தப் பிரஷைக் கையால் நகர்த்தி முடிவு செய்வார். பகலில் நெடுந்தூரம் போகும்போது, மிஞ்சும் மின்சாரத்தைச் செலவழிக்க முன்விளக்கை எரியவிட்ட ஓட்டுநர்களும் உண்டு! பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் கோடைக்குப் பாதி, குளிர்காலத்திற்கு முழு என்று மாற்றும் சுவிட்ச் இருந்தது. நமக்கு ஏது குளிர்காலம்?

மோரிஸ் மைனரில் இதைத் தானாகச் செய்ய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அதனுள் இரண்டு மின்காந்தங்கள். முதலாவது கட்-அவுட். டைனமோவின் அழுத்தம் 13 வோல்ட்டை நெருங்கும்போது அது பேட்டரியை இணைக்கும். வேகம் குறைந்ததும் துண்டிக்கும். இரண்டாவது ரெகுலேட்டர். அழுத்தம் கூடினால் அதன் தொடுமுனை திறந்து, புலச் சுருளின் வழியில் ஒரு மின்தடையைச் சேர்க்கும். புலம் தளரும், அழுத்தம் இறங்கும், தொடுமுனை மீண்டும் மூடும். ஒரு நொடியில் பலமுறை இது நடக்கிறது.

திருகைத் தொடுமுன்

என் சித்தப்பாவின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். விளக்கு மங்குகிறது என்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். கையேட்டில் 16 வோல்ட் என்றிருப்பதைக் கண்ட மெக்கானிக், பேட்டரியில் மீட்டரை வைத்து 16 காட்டும்வரை ரெகுலேட்டர் திருகைத் திருகிவிட்டார். இரண்டே வாரத்தில் பேட்டரி கொதித்தது. சிந்திய அமிலம் பேட்டரித் தட்டை அரித்தது.

தவறு எங்கே? கையேடு சொல்லும் 16 வோல்ட், பெட்டியிலிருந்து பேட்டரிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டியது. பேட்டரி இணைந்திருக்கும்போது, நல்ல வேகத்தில், 14 முதல் 14.5 வோல்ட் போதும். வெப்பம் கூடக் கூட அந்த அளவு குறைய வேண்டும். ஏனெனில் அதே அழுத்தத்தில் சூடான பேட்டரி கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். அருகே ஒரு தீப்பொறி போதும், பேட்டரி வெடிக்க.

ஆகவே திருகுக்கு முன் இவற்றைப் பாருங்கள்:

* பெல்ட்டை அழுத்தினால் அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர் அசைய வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், மிகவும் இறுகினால் டைனமோவின் தாங்கி தேயும்.

* இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரியை அளவிடுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

* பேட்டரி நீர் அடிக்கடி வற்றினால் வரவு அதிகம். நீர் வற்றாமல் விளக்கு மட்டும் மங்கினால் செலவு அதிகம்.

* செலவைக் குறைக்க, பின்விளக்குகளுக்கு எல்இடி பல்பு போடலாம். பல மோரிஸ் மைனர்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அதற்கேற்ற பல்பா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. கட்-அவுட் தொடுமுனை ஒட்டிக்கொண்டால், இன்ஜினை அணைத்த பிறகும் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் பாயும். அந்தக் கம்பிக்கு ஃபியூஸ் கிடையாது, சூடேறிப் புகையும். உடனே பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பேட்டரி அருகே ஒரு துண்டிப்பு சுவிட்ச் பொருத்தினால் நல்லது. ஆனால் இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பாதீர்கள்.

வாசகர்களே, இந்த வாரம் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜின் அணைந்த நிலையில் ஒரு முறை, மெதுவாக ஓடும்போது ஒரு முறை, வேகமாக ஓடும்போது ஒரு முறை அளவிட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். மெக்கானிக் திருகாணியை எடுக்கும் முன் அந்த மூன்று எண்களைக் காட்டுங்கள்.